து. ரத்தினம், பர்மனன்ட்

எங்கள் வம்சத்தில் பெயருக்குப் பஞ்சம். மூத்த ஆண்பிள்ளைக்குத் தாத்தா பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் ஆரம்பித்து வைத்துவிட்டுப் போக, து. ரத்தினம், ர. துளசிங்கம், மறுபடி து. ரத்தினம், மறுபடி ர. துளசிங்கம் என்று நாங்கள் மாறி மாறிப் பிறந்துகொண்டிருந்தோம். பம்மலில் இதனால் யாருக்கும் எந்தக் குழப்பமும் வந்ததில்லை. குழப்பம் வர வேண்டுமென்றால் அதற்கென்று சம்பளம் வாங்குகிற ஆட்கள் வேண்டும். அவர்கள் பீர்க்கன்கரணை ஏரியைத் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டின்மேல் ஒரு பம்பு கம்பெனியில், 'பெர்சனல் டிபார்ட்மென்ட்' என்ற போர்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள்.

நான் ர. துளசிங்கம். என் அப்பா து. ரத்தினம். அப்பா எழுபத்தொன்பதில் செத்துப்போனார். இந்த மூன்றையும் மனசில் போட்டுக்கொள்ளுங்கள். நான்காவது படிக்கிற பையனுக்குப் புரிகிற விஷயம். அந்த டிபார்ட்மென்ட்டுக்குக் கடைசிவரை புரியாமலே போயிற்று.

எண்பத்தேழில், எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் மூலமாக அந்தக் கம்பெனியிலிருந்து எனக்கு இன்டர்வியூ வந்தது. ஸ்டோர்ஸ் அசிஸ்டென்ட் வேலை. படிப்பு முடித்த நாளிலிருந்து எக்ஸ்சேஞ்ச் கார்டைப் புதுப்பித்துப் புதுப்பித்து, அது மடித்த இடமெல்லாம் கிழிந்து கிடந்தது. முப்பது வயதுக்குள் சேர வேண்டும் என்று விதி. எனக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. இது போனால் அடுத்தது கிடையாது. அம்மா தோல் கம்பெனியில் ஈரத்தோலைத் தூக்கி உலர்த்துகிற வேலையில் இருந்தாள். தோலில் ஊறிய சுண்ணாம்பு அரித்து அரித்து அவள் விரல்களில் ரேகையே இல்லை. "நீ டூட்டில சேந்த அன்னிக்கே நான் நின்னுக்குறேன்டா" என்று சொல்லிவைத்திருந்தாள்.

இன்டர்வியூவில் தேறினேன். ஆர்டர் வந்தது. அம்மா கவரைச் சாமிபடத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் பிரிக்கவிட்டாள். பிரித்தால், 'திரு. து. ரத்தினம் அவர்களுக்கு' என்று இருந்தது.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் அவளிடம் சொல்லவில்லை. டைப் அடித்தவர்கள் தூக்கக்கலக்கத்தில் அடித்திருப்பார்கள், போய்ச் சொன்னால் திருத்திக் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். அப்போது நான் அவ்வளவு அப்பாவி.

எப்படி நடந்தது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். விண்ணப்பத்தில் 'பெயர்: இனிஷியலை விரித்து எழுதவும்' என்று போட்டிருந்தது. விரித்து எழுதினேன்: ரத்தினம் துளசிங்கம். நம் ஊரில் முன்னால் நிற்பவர் அப்பா, பின்னால் நிற்பவன் பிள்ளை. விண்ணப்பம் பம்பாய் ஹெட் ஆபீசுக்குப் போயிற்று. அங்கே தலைகீழ், முன்னால் பிள்ளை, பின்னால் அப்பா. துளசிங்கத்தின் மகன் ரத்தினத்தை வேலைக்கு எடுத்திருக்கிறோம் என்று அவர்கள் இங்கே தகவல் அனுப்பினார்கள். இங்கே அதைத் தமிழ் முறைப்படி அழகாகச் சுருக்கி, து. ரத்தினம் ஆக்கினார்கள். அதோடு விட்டார்களா? அந்தப் பெயரில் பழைய ஃபைல் ஏதாவது இருக்கிறதா என்று தேடியும் பார்த்தார்கள். இருந்தது.

இல்லாமல் எங்கே போகும்? அப்பா தன் வயதில் பாதியை அந்தக் கம்பெனியின் கேட்டில்தான் கழித்தார். கேஷுவல் லேபர். வார்ப்புப் பட்டறையில் மண் அள்ளுகிற வேலை. தொடர்ந்து எட்டு மாதம் போனால் பர்மனன்ட் ஆக்கச் சொல்லிக் கேட்பார்கள் என்று ஏழாவது மாதமே நிறுத்திவிடுவார்கள். கொஞ்ச நாள் கழித்து மறுபடி கூப்பிடுவார்கள். இப்படியே மண்ணைத் தின்று இருமி இருமி, ஒருமுறை நிறுத்திவைத்திருந்த சமயத்தில் செத்துப்போனார். அம்மா போய் நின்றபோது, 'இறந்த தேதியில் மேற்படி நபர் எமது ஊழியர் அல்ல' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அந்த ஃபைலில் அப்பாவின் போட்டோ, கைநாட்டு, மார்பு எக்ஸ்ரே எல்லாம் இருந்தன. பெயர் சரி, அப்பா பெயர் சரி, பம்மல் விலாசம் சரி. இரண்டு ஃபைலையும் ஒரே நாடாவில் சேர்த்துக் கட்டிவிட்டார்கள்.

சேர வேண்டிய நாளில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். பெர்சனல் டிபார்ட்மென்ட்டில் அருள்மேரி என்ற கிளார்க் இருந்தார். நல்ல பெண்மணி. ஆர்டரை வாங்கிப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார்.

"ரத்தினம் வரலையா?"

"அது எங்கப்பா மேடம். செத்துட்டாரு. வேலை எனக்குத்தான். பேரு மாறிப்போச்சு."

"அச்சச்சோ. எப்ப?"

"எட்டு வருஷம் ஆச்சு மேடம்."

அருள்மேரி பெருமூச்சு விட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு ஃபைலைப் புரட்டினார். "ஆனா போன வாரம்தானே மெடிக்கல் ஃபிட்னு வந்திருக்கு" என்றார்.

மெடிக்கல் எனக்கு எடுக்கவே இல்லை. ஃபைலுக்கு எடுத்திருக்கிறார்கள். கம்பெனி டாக்டர் அப்பாவின் பழைய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, 'நுரையீரலில் லேசான நிழல். கடந்த எட்டு ஆண்டுகளில் மோசமடையவில்லை. தகுதியானவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"பெஞ்சில உக்காருங்க. மேனேஜர் கிட்ட பேசலாம்" என்றார் அருள்மேரி. உட்கார்ந்தேன். அந்த பெஞ்சில் நான் உட்கார்ந்த காலத்தில் கம்பெனி வாசலில் நட்ட வேப்பங்கன்று என் தோளுக்கு வளர்ந்தது.

மேனேஜர் வேதாசலம் என்னைக் கூப்பிட்டபோது முதல் மழை வந்துவிட்டிருந்தது. மேஜைமேல் காற்றில் பறக்காமல் இருக்க ஃபைல்கள்மேல் வேறு ஃபைல்களை வைத்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்காமலே பேசினார்.

"பாருங்க மிஸ்டர், இந்த டிபார்ட்மென்ட்டுக்கு மனுஷங்கதான் முக்கியம். அதனாலதான் மனுஷங்களை நாங்க பாக்கறதில்லை. பாத்தா இரக்கம் வந்துடும், பாரபட்சம் வந்துடும். ஃபைலைப் பாக்கறோம். ஃபைல் அழாது, கெஞ்சாது, அட்வான்ஸ் கேக்காது."

"சார், தப்பு நடந்துபோச்சு சார். அதைத் திருத்தினா போதும்."

"தப்பா?" பேனாவை மூடி வைத்தார். "பதினெட்டு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். இந்த ரூமுக்குள்ள ஒரு தப்பு வந்ததில்லை. ஏன்னா, தப்புன்னு எழுதிக் குடுக்க எங்ககிட்ட ஃபாரமே கிடையாது."

"இன்டர்வியூவுக்கு நான்தானே சார் வந்தேன்?"

"வந்தீங்க. அப்பா சார்பா பிள்ளை வர்றது நம்ம பண்பாடு. அதை நாங்க பாராட்டறோம்."

"அவருக்கு வயசு..."

"அவர் பழைய ஆள். அவருக்கு வயசு வரம்பு தளர்வு உண்டு. உங்களுக்குத்தான் கிடையாது. உங்க வயசு என்ன?"

சொன்னேன். முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்து, "சீக்கிரம் ஏதாவது தேடிக்கோங்க" என்று அக்கறையாகச் சொன்னார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்கள். இந்தப் பூசாரி வரத்தை எடுத்து எங்கள் அப்பனுக்குக் கொடுத்துவிட்டார்.

எக்ஸ்சேஞ்சுக்கு ஓடினேன். ரத்தினம் துளசிங்கத்துக்கு வேலை கிடைத்துவிட்டதாகக் கம்பெனியிலிருந்து அவர்களுக்கு எழுதியிருந்தார்களாம். என் கார்டை ரத்து செய்து, வாழ்த்துகள் என்று சொன்னார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கம்பெனி மின்னல் வேகம்.

வேறு போக்கிடம் இல்லை. அந்த பெஞ்சுக்கே திரும்பினேன்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேருகிறவரின் போட்டோவை வராந்தாவில் ஒரு போர்டில் மாட்டி, சந்தன மாலை போட்டு, மேலே 'நல்வரவு' என்று எழுதிவைப்பார்கள். ஒருநாள் பெஞ்சுக்கு நேர் எதிரே அப்பாவின் போட்டோவை மாட்டினார்கள். சவரம் செய்யாத முகம், போட்டோகிராபரைப் பார்த்து மிரண்ட கண்கள். எங்கள் வீட்டிலும் அதே போட்டோதான் பெரிதாக்கி மாட்டியிருக்கிறது, அதற்கும் மாலை உண்டு. வேதாசலம் வந்து போர்டுக்கு முன்னால் நின்று வரவேற்புரை ஆற்றினார். "ரத்தினம் அவர்களே, இன்று முதல் நீங்கள் எங்கள் குடும்பத்தில் ஒருவர். இங்கே உங்களுக்கு எந்தக் குறையும் இருக்காது. அமைதியாக, யாரையும் தொந்தரவு செய்யாமல் இருப்பவர்களையே இந்த நிறுவனம் விரும்புகிறது." எல்லோரும் கைதட்டினார்கள். அப்பாவின் மாலை லேசாக ஆடியது. ஃபேன் காற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று கரண்ட் இல்லை என்பது வீட்டுக்குப் போகும்போதுதான் நினைவுக்கு வந்தது.

அதற்குப் பிறகு எனக்கு அந்த வராந்தாவில் உட்காரப் பயமாக இருந்தது. பியூன் ஒருமுறை கதவைத் திறந்து "ரத்தினம்!" என்று குரல் கொடுத்தான். எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று நான் தயங்கிக்கொண்டிருக்கும்போதே பெஞ்சு அசைந்தது. இரண்டு பேர் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்தால் மற்றவர் பக்கம் சற்றே உயருமே, அந்த மாதிரி. உள்ளே யாரோ இருமினார்கள். வார்ப்புப் பட்டறை இருமல். அதை நான் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறேன்.

கேட்டுக்குப் பக்கத்தில் டைம் ஆபீஸ். அங்கே ஜலால் பாய் இருந்தார். ஆட்கள் கார்டு குத்துகிற மெஷினுக்கு அவர்தான் பொறுப்பு. அவரிடம்தான் வாய்விட்டுப் பேச முடியும்.

"அந்த ஆபீஸ்ல எது நடந்தாலும் செத்தவன் கையில வெத்தலபாக்கு குடுத்த மாதிரிதான் தம்பி" என்று சொல்லிவிட்டு, சட்டென்று நிறுத்திக்கொண்டார். "தப்பா நெனச்சிக்காத. உங்கப்பாரு விசயத்துல சொல்லல. அவரு ரொம்ப கரீட்டு."

"இன்னா கரெக்டு?"

"சங்கு ஊதறதுக்கு முன்னாடியே கார்டு குத்திடறாரு. ஒரு நாளு லேட்டு கெடையாது."

"நீங்க பாத்தீங்களா பாய்?"

"நான் கார்டத்தான் பாப்பேன். மூஞ்சியப் பாக்கறதுக்கு எனக்கு ஏது டைமு?" என்று மெஷினைத் துடைத்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "ஒரு நாளு முதுகப் பாத்தேன். காக்கிச் சட்ட. எடது காலை கொஞ்சம் இழுத்துகினு ஸ்டோர்ஸாண்ட போனாரு. கூப்புடலாம்னு நெனச்சேன். கூப்ட்டு, திரும்பிட்டாருன்னா இன்னா பண்றது? வுட்டுட்டேன்."

அப்பாவுக்கு இடது காலில் இரும்புக் குழம்பு தெறித்த புண் ஆறவே இல்லை. ஜலால் பாய் அந்தக் கம்பெனியில் சேர்ந்தது எண்பத்திரண்டில்.

நான் விடவில்லை. நகராட்சிக்குப் போய் அப்பாவின் இறப்புச் சான்றிதழின் நகலை வாங்கிக்கொண்டு வந்தேன். இதற்குமேல் என்ன வேண்டும்? அருள்மேரி அதை வெகு கவனமாகப் படித்தார், ஒரு ஃபாரத்தில் எழுதத் தொடங்கினார், நடுவில் நிறுத்திவிட்டார்.

"துளசிங்கம், இதில தேதி சரியில்லையே. இவர் ட்யூட்டில சேர்ந்தது இந்த வருஷம். இறந்தது எழுபத்தொன்பதுன்னு போட்டிருக்கு. சேர்றதுக்கு முன்னாடி எப்படி இறக்க முடியும்?"

"அதைத்தான் மேடம் நானும் இத்தனை நாளா கேக்கறேன்!"

"கத்தாதீங்க. ஃபாரத்தில சேர்ந்த தேதிக்கு அப்புறம்தான் இறந்த தேதிக்குக் கட்டம் இருக்கு. நகராட்சில குடுத்து தேதியை மாத்திட்டு வாங்க. நான் உடனே போட்டுத் தரேன்."

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே எனக்கு உதவி செய்யத்தான் பார்த்தார். அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. நேராக வேதாசலத்தின் அறைக்குள் நுழைந்துவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. உட்காரச் சொன்னார்.

"உங்களுக்கு ஒரு வழி இருக்கு மிஸ்டர். கருணை அடிப்படை. ஊழியர் பணியில இருக்கும்போது இறந்தா, அந்த வேலை வாரிசுக்கு. ரொம்ப உயர்ந்த திட்டம். நான் தயாரிச்சதுதான்."

"எங்கப்பா எப்ப சார் சாவாரு?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று உறைத்தது. வேதாசலம் வருத்தத்தோடு உதட்டைப் பிதுக்கினார்.

"அது நம்ம கையில இல்லையே. ஆனா ஒண்ணு சொல்றேன், அவரைப் போல ஒரு ஊழியரை நான் பாத்ததில்லை. லீவு கிடையாது. கேன்டீன்ல சாப்பிடறதில்லை. யூனியன்ல சேரலை. ஸ்டோர்ஸ்ல கணக்கு ஒரு ஆணி குறையலை. எல்லாரையும் அந்த மாதிரி கொண்டுவர முடியுமான்னு ஹெட் ஆபீஸ்ல கேக்கறாங்க."

நான் அழுதுவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஆளின் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். ஃபைல்கள் நனைந்ததால்தானோ என்னவோ, அவர் இறங்கி வந்தார்.

"சரி. உங்க அம்மாவைக் கூட்டிட்டு வாங்க. மனைவி நேர்ல வந்து, என் முன்னாடி, கணவர் பேரைச் சொல்லி, அவர் இல்லைன்னு வாயால சொல்லட்டும். ஃபைலை மூடிட்டு உங்க பேருக்கு ஆர்டர் போட்டுடறேன். இந்த மாசக் கடைசிக்குள்ள வரணும். அப்புறம் உங்களுக்கு வயசு தாண்டிடும்."

ஃபைலைத் தவிர எதையும் நம்பாத மனிதர், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாயை நம்ப முடிவு செய்தார். அதுவும் எங்கள் அம்மாவின் வாயை!

அன்றைக்குத்தான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குத் தோல் கம்பெனியில் லீவு கிடைப்பது கஷ்டம். நான் தினமும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வருவதாகவே நினைத்துக்கொண்டிருந்தாள்; சம்பளத்தைப் பிடித்துவைத்து மொத்தமாகத் தருவார்கள், அதுவரை நீ வேலையை விடாதே என்று நான் கதை விட்டிருந்தேன். முழுக்கக் கேட்டுக்கொண்டாள். "அவுனுங்க கையில கட்டமொளைக்க" என்றாள். பிறகு, "சரி, வா. வந்து சொல்றேன்" என்றாள்.

பல்லாவரத்தில் ரயில் ஏறினோம். அம்மா இருக்கிற ஒரே நல்ல புடவையைக் கட்டியிருந்தாள். எனக்கு ஒரே ஒரு கவலைதான். அம்மா தன் ஆயுசில் அப்பா பெயரை உச்சரித்ததில்லை. யாராவது கேட்டால், "மோதிரத்துல வெப்பாங்களே, ஒம்போது கல்லு, அது" என்பாள். ரேஷன் கடையிலிருந்து ஆஸ்பத்திரி வரை அப்படியே ஓட்டிவிட்டாள்.

"எங்க, ஒருவாட்டி சொல்லு பாப்போம். ரத்..."

"சும்மா கெட. நாலு பேரு கீறாங்க."

"பேரைச் சொன்னா இன்னாம்மா ஆயிடும்?"

"புருசன் ஆயுசு கொறையும்."

"அவரு செத்து எட்டு வருசம் ஆவுது. இன்னும் கொறையறதுக்கு இன்னா கீது?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தாம்பரம் வரும்வரை அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. பழகுகிறாள் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

கேட்டில் ஜலால் பாய் அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். எனக்கே ஆச்சரியம். அந்தக் கேட்டில் அம்மா பல தடவை சோற்றுத் தூக்கோடு நின்றிருக்கிறாள். கேஷுவல் ஆள் பெண்டாட்டியெல்லாம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்கள் என்று விரட்டியிருக்கிறார்கள். அம்மா தயங்கி, ரோட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே காலெடுத்து வைத்தாள்.

அருள்மேரி ஓடிவந்தார். "ரத்தினம் சாரோட மிஸ்ஸஸ்ஸா? வாங்க, வாங்கம்மா."

"இன்னாது?" என்றாள் அம்மா.

"ரத்தினம் சார்."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். எங்கள் அப்பாவை யாரும் சார் என்று கூப்பிட்டு நாங்கள் கேட்டதில்லை. நாற்காலி போட்டார்கள். சாஸரோடு டீ வந்தது. ஊழியர் குடும்பம் முதல்முறை வந்தால் சுற்றிக் காட்ட வேண்டும் என்று ஏதோ சர்க்குலராம். என்னைப் பெஞ்சிலேயே இருக்கச் சொன்னார்கள். நான் கேட்காமல் பின்னாலேயே போனேன். மாலை போட்ட போட்டோவைக் காட்டினார்கள். "இதுக்கு எதுக்கு மாலை?" என்று அம்மா கேட்டாள். "வேலைல சேந்ததுக்கும்மா" என்றார் அருள்மேரி. அம்மா கிட்டே போய் 'நல்வரவு' என்ற அந்த எழுத்துகளைத் தடவினாள். இரண்டு செட் காக்கி உடுப்பு வாங்கிக்கொண்டதற்குக் கைநாட்டு விழுந்திருந்தது. சோப்பு, துண்டு, தலைவலி மாத்திரை எல்லாம் வாங்கியாகியிருந்தது. ஸ்டோர்ஸுக்குப் பக்கத்தில் அப்பாவுக்கென்று ஒரு இரும்பு அலமாரி. மேலே பெயிண்டில், 'து. ரத்தினம், பர்மனன்ட்.'

அருள்மேரி அதைத் திறந்து காட்டினார். உள்ளே கொடியில் ஒரு துண்டு தொங்கியது. அம்மா அதை எடுத்தாள்.

"ஈரமா கீதுடா" என்றாள்.

நானும் தொட்டுப் பார்த்தேன். இப்போதுதான் யாரோ முகம் துடைத்த மாதிரி ஈரம். அப்பா குடிக்கிற சொக்கலால் பீடி வாசனை. கையை இழுத்துக்கொண்டேன். அம்மாவுக்குப் பயம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. துண்டை உதறி, சுருக்கம் எடுத்து, ஒழுங்காக மடித்து வைத்தாள்.

பிறகு வேதாசலத்தின் அறை. இரண்டு சாட்சிகள், அருள்மேரியின் கையில் பேனா. என் வேலை, அம்மாவின் விரல்கள், இத்தனை வருஷத்துக் காத்திருப்பு எல்லாம் அவள் வாயிலிருந்து வரப்போகிற ஒரு பெயரிலும் ஒரு 'இல்லை'யிலும் நின்றன. வேதாசலம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அம்மா, பயப்படாம சொல்லுங்க. உங்க கணவர் பேர் என்ன?"

அம்மா தன் மோதிர விரலைத் தொட்டுக் காட்டினாள்.

"பரவாயில்லை, நானே சொல்றேன். ரத்தினம். நீங்க ஆமான்னு சொன்னா போதும். ரத்தினம் இருக்காரா, இல்லையா?"

நான் அம்மாவின் முழங்கையைத் தொட்டேன். அவள் மேஜையைப் பார்த்தாள், ஒன்றாய்க் கட்டிய இரண்டு ஃபைல்களையும் பார்த்தாள். தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பெண்டாட்டிகள் புருஷனைப் பற்றிப் பேசும்போது அப்படித்தான் செய்வார்கள்.

"வேலைக்குப் போயிருக்காரு" என்றாள்.

அருள்மேரி எழுதிக்கொண்டார். வேதாசலம் ஃபைலை இழுத்து ஒரு முத்திரை குத்தினார். "நான்தான் முதல்லயே சொன்னேனே மிஸ்டர்" என்றார் என்னிடம், ரொம்பத் தன்மையாக.

வராந்தாவைத் தாண்டியதும் கத்திவிட்டேன். "ஏம்மா? ஏம்மா இப்படிப் பண்ண? நான் உன் பிள்ளைதானா?"

"கத்தாதடா."

"கத்தாம? என் வயசு போச்சு, கார்டு போச்சு. நாளைக்கு நீதான் மறுபடியும் தோல் தூக்கப் போவணும். தெரியுமா உனக்கு?"

"தெரியும். தூக்கறேன்." அம்மா நடந்துகொண்டே சொன்னாள். "உனக்கு கை கீது, காலு கீது. பம்மல்ல இல்லாட்டி பல்லாவரம், எதுனா ஒண்ணு பொழச்சிக்குவ. அந்த மனுசனுக்கு இனிமேட்டு எவன்டா வேல குடுப்பான்?"

அவள் சொன்னது பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தது. அதில் என்ன தப்பு என்றுதான் தெரியவில்லை. அதைவிட அசிங்கமான ஒன்று எனக்குள் எழுந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். செத்துப்போன அப்பன்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

அப்போது சங்கு ஊதியது. ஷிப்ட் விட்டார்கள். கேட் திறந்து ஆட்கள் கும்பலாக வெளியே வந்தார்கள், சைக்கிளும் சாப்பாட்டுப் பையுமாக. அம்மா கேட்டின் ஓரமாக, உள்பக்கத்திலேயே நின்றுகொண்டாள். போகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். நானும் பார்த்தேன். வரக்கூடாது என்று ஒரு மனசு, வந்துவிட்டால் சட்டையைப் பிடித்துக் கேட்க வேண்டும் என்று ஒரு மனசு, எப்படி இருக்கிறார் என்று ஒருமுறை பார்த்துவிட்டால் போதும் என்று ஒரு மனசு. கும்பல் குறைந்தது. கடைசி ஆளும் போய்விட்டான். பார்த்துக்கொண்டே நின்றோம்.

ஜலால் பாய் டைம் ஆபீஸ் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார். கையில் ஒரு கார்டு இருந்தது.

"அவரு இன்னும் குத்தலம்மா. இன்னிக்கு ஓவர்டைம். லேட்டாவும், நீங்க வூட்டுக்குப் போங்க."

அம்மா என் பக்கம் திரும்பினாள். அப்பா இருந்த காலத்தில்கூட அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் பார்த்ததில்லை.

"பாத்தியா," என்றாள், "ஓவர்டைம்லாம் குடுக்கறாங்க."

நான் ரோட்டைத் தாண்டிப் போய் பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.